ஒன்பதாம் மாதத்தில் ஒரு மாவுக்கட்டு

கருவுற்று 34-ஆம் வாரத்தில் இருந்தபோது, வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஓர் ஐப்பசிக் காலையில், கோத்தகிரிக்கு அருகே எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் படிகளில் பாசி வழுக்கி விழுந்து என் வலது கணுக்கால் முறிந்தது. அன்று தொடங்கி, பிரசவம் முடிந்து கட்டுப் பிரிக்கும்வரை எனக்கு வலியைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது வேறொன்று. எலும்பு மருத்துவர் காலைப் பார்த்தார், மகப்பேறு மருத்துவர் வயிற்றைப் பார்த்தார். இருவருமே திறமையானவர்கள், ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் தாமாக வாங்கிப் பார்க்கவில்லை. அவர்களைச் சேர்த்துப் பேசவைக்கும் வேலை எங்கள் தலையில்தான் விழுந்தது. இதே நிலையில் இருக்கும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பயன்படும் என்பதால், நாங்கள் என்னென்ன கேட்டோம், எதை எப்படி ஏற்பாடு செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

நிறைமாதத்தில் விழுவது கவனக்குறைவால் மட்டும் நடப்பதில்லை. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னால் தள்ளுவதால் உடலின் எடை விழும் இடமே மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, இறங்கும்போது தன் பாதத்தைத் தானே பார்க்க முடிவதில்லை. மலையில் சரிவில் கட்டிய வீடுகளுக்குப் படிகளைத் தவிர வேறு வழியும் கிடையாது.

விழுந்தவுடன் எல்லோருடைய கண்ணும் காலின் மேல்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் என் அருகில் உட்கார்ந்து, "காலு கெடக்கட்டும் கண்ணு, வயிறு இறுகுதா? தண்ணி கிண்ணி போகுதா?" என்று கேட்டார். பிறகு மருத்துவமனையிலும் முதலில் கேட்ட கேள்விகள் அவைதாம். விழும்போது வயிற்றில் நேரடியாக அடிபடாவிட்டாலும், அதிர்ச்சியில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியக்கூடும். ரத்தப்போக்கு, பனிக்குட நீர்க் கசிவு, வயிறு விடாமல் இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவை விழுந்தபின் கவனிக்க வேண்டிய ஆபத்து அடையாளங்கள். இவற்றில் எதுவும் தெரியாவிட்டாலும், குறைந்தது நான்கு மணி நேரமாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவியில் தொடர்ந்து கவனிப்பது நடைமுறை. தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கலாம் என்பதால், ரத்த வகை எழுதிய அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 108 வண்டி சாலைவரைதான் வந்தது. அங்குவரை என்னை ஒரு கைவைத்த மர நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சேலையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, நான்கு பேர் தூக்கினார்கள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, என் முகம் இறக்கத்தைப் பார்க்கும்படி வைத்து, முதுகுப் பக்கமாகப் படியேறினார்கள். தேயிலை மூட்டை சுமந்து பழகியவர்களுக்கு அந்த நுட்பம் தெரிந்திருந்தது. மற்றவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுக்கும் பணியாளர், "வயித்துல குழந்தையோட எடுக்க மாட்டேன்மா" என்று மறுத்துவிட்டார். அவருடைய தயக்கம் குழந்தையின் மேல் உள்ள அக்கறையில் வந்ததுதான், ஆனாலும் அதில் பொருள் இல்லை. கணுக்கால் எக்ஸ்ரேயில் கருவைச் சென்றடையும் கதிர்வீச்சு ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவுக்குத் தீங்கு வரலாம் என்று கவலைப்படத் தொடங்கும் அளவோ 50 மில்லிகிரே. எக்ஸ்ரே எடுக்காமல் தவறாகக் கட்டிவிட்டால் வரும் கேடுதான் பெரிது. பணி மருத்துவர் வந்து சொன்னபின், வயிற்றின் மேல் ஈயக் கவசம் போட்டுப் படம் எடுத்தார்கள். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருந்தாலும் மூட்டு விலகவில்லை, ஆகவே அறுவைச் சிகிச்சை வேண்டாம், கட்டுப் போதும் என்றார்கள். மூட்டு விலகியிருந்தால் நிறைமாதத்திலும் முதுகில் மயக்க ஊசி போட்டுத் தகடு வைப்பது உண்டு. கர்ப்பம் என்பதற்காக அதைத் தள்ளிப்போடுவதில்லை என்று அந்த மருத்துவர் விளக்கினார்.

வலி மாத்திரையில் நாங்கள் முதல் முரண்பாட்டைக் கண்டோம். எலும்பு மருத்துவரின் சீட்டில், எலும்பு முறிந்த எல்லோருக்கும் வழக்கமாக எழுதும் டைக்ளோஃபெனாக் இருந்தது. அவ்வகை மருந்துகள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடச் செய்யலாம், பனிக்குட நீரையும் குறைக்கலாம். என் கணவர் மருந்துக் கடையிலிருந்தே மகப்பேறு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதால் அது பாராசிட்டமாலாக மாறியது. அன்றிலிருந்து ஒரே நோட்டில் இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளையும் ஒட்டிவைத்து, யாரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை மேசையில் விரித்துவைப்பது எங்கள் வழக்கமாயிற்று. ஊரில் சிலர் நாட்டுக்கட்டுப் போடச் சொன்னார்கள். பச்சிலையும் மூங்கில் பத்தையும் வைத்து இறுக்கிக் கட்டினால், கர்ப்பத்தில் ஏற்கெனவே வீங்கும் காலில் ரத்த ஓட்டம் தடைப்படும் ஆபத்து உண்டு என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. எலும்புக்கு நல்லது என்று அத்தை ஆசையாகக் கொண்டுவந்த பிரண்டையையும், கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தோம். ராகிக் களி, பால், கீரை, முட்டை ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் போட்டது பாதிக் கட்டு, அதாவது காலின் பின்பக்கம் மட்டும் மாவுப் பலகை வைத்துத் துணியால் சுற்றியது. வீக்கம் வடிந்தபின்தான் முழுக்கட்டு. சாதாரண மாவுக்கட்டு முழுவதும் உலர இரண்டு மூன்று நாள்கள் ஆகும் என்பார்கள். ஐப்பசியில் கோத்தகிரியின் மூடுபனியில் துவைத்த துணியே வாரக்கணக்கில் ஈரம் மாறாது தொங்கும்போது கட்டு எப்படி உலரும்? அடுப்பருகே காலை நீட்டி உலர்த்தினால் மேல்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், தோலும் வெந்துபோகலாம். முழுக்கட்டுப் போடும்போது ஃபைபர் கட்டுக் கேட்டு வாங்கினோம். விலை கூடுதல்தான், ஆனால் அது ஒரு மணி நேரத்துக்குள் இறுகிவிடுகிறது, எடையும் குறைவு. வயிற்றுச் சுமையோடு ஒற்றைக் காலில் நடக்க வேண்டியவளுக்கு அந்த எடை வேறுபாடு சிறியதன்று.

கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள்தாம் உள்ளே நடப்பதைச் சொல்லும். விரல் நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து, உடனே சிவப்புத் திரும்ப வேண்டும். விரல்கள் நீலமாகவோ சில்லிட்டோ மரத்தோ போனால், அல்லது காலை உயர்த்தி வைத்தும் வலி கூடிக்கொண்டே போனால், இரவாக இருந்தாலும் போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும். என் வளைகாப்பு ஒன்பதாம் மாதத்தில் வைத்திருந்தார்கள். மணையில் உட்கார முடியாததால் நாற்காலியில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிவைத்து நடத்தினார்கள். சித்தி அன்பு மிகுதியில் கைகளோடு நிறுத்தாமல் கால் நகங்களுக்கும் மருதாணி வைத்துவிட்டார். அடுத்த முறை போனபோது மருத்துவர் அந்தச் செக்கச்சிவந்த நகங்களை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். மருதாணியோ நகப்பூச்சோ கைகளோடு நிற்கட்டும்.

கால் வீக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முறிந்த கால் வீங்குவது இயல்பு, நிறைமாதத்தில் இரு கால்களும் வீங்குவதும் இயல்பு; ஆகவே ரத்த அழுத்தம் ஏறுவதால் வரும் வீக்கத்தையும், காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதால் வரும் வீக்கத்தையும் கட்டின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. முகமும் கைகளும் வீங்கினால், தலைவலி விடாமலிருந்தால், கண் மங்கினால், மேல்வயிற்றில் வலித்தால் அது எலும்பு மருத்துவரிடம் அன்று, மகப்பேறு மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டியது. ரத்தம் உறைவது கர்ப்பத்தில் மற்றப் பெண்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம். காலை அசைக்காமல் வைத்திருப்பது அதை மேலும் கூட்டுகிறது. கர்ப்பத்தில் பெரும்பாலும் இடக்காலில்தான் உறைகிறது என்பதால், முறிந்தது வலக்காலாக இருந்தாலும் நல்ல காலின் கெண்டைச்சதையைத் தினமும் பார்த்துக்கொண்டேன். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, நிறைமாத மூச்சிரைப்பு என்றோ மலைக் குளிர் என்றோ எண்ணிப் படுத்துவிடக் கூடாது.

இந்த ஆபத்துக்காக எனக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்சபாரின் என்ற ஊசியை வயிற்றுத் தோலில் தினமும் ஒருமுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கர்ப்பிணிக்குக் கால் முறிந்தால் எல்லோருக்கும் இது தேவை என்பதில்லை, எடை, வயது, முந்தைய நோய்கள், எவ்வளவு நாள் படுக்கை என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார், ஆனால் "எனக்கு வேண்டுமா?" என்று நாம் கேட்டாக வேண்டும். இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. நிறைவயிற்றில் எங்கே குத்துவது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு, தொப்புளிலிருந்து விலகிப் பக்கவாட்டுத் தோலை இரு விரலால் கிள்ளிப் பிடித்து ஊசியை நேராகச் செலுத்தக் கிராமச் செவிலியர்தான் கற்றுக்கொடுத்தார். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று: தடுப்பு அளவில் போடும் இந்த ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம் கழிந்தால்தான் முதுகில் மயக்க ஊசி போடுவார்கள். ஆகவே, வலி கண்டவுடன் அடுத்த ஊசியை நிறுத்திவைத்து, கடைசியாகப் போட்ட நேரத்தைப் பிரசவ அறையில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தை நாங்கள் நாள்தோறும் நோட்டில் எழுதிவந்தோம்.

வீட்டுக்குள் நடமாட முதலில் அக்குள் கட்டைகள் கொடுத்தார்கள். வயிறு முன்னால் இழுக்கும்போது கட்டைகளில் சமநிலை நிற்கவில்லை; நான்கு கால் வாக்கர் சமதரையில் நன்றாகத் தாங்கியது. படிகளில் வாக்கர் உதவாது. இரண்டு மூன்று படிகளானால் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒவ்வொன்றாக நகர்வதே பாதுகாப்பு. பார்க்க வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டுக் கழிப்பறை தரையோடு இருப்பது, அதில் ஒற்றைக் காலில் குந்தவே முடியாது. நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுத்து அதன் மேல் நிறுத்தினோம், குளிப்பதற்கும் அதுவே ஆசனமாயிற்று. பட்ட காலிலே படும் என்பார்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது இரண்டாம் முறை விழுவது எளிது என்பதால், இரவில் அந்த நாற்காலி கட்டிலருகிலேயே, அடியில் வாளியோடு, நின்றது. படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகப் படுத்து, கட்டுப்போட்ட வலக்காலை இரண்டு தலையணைகளின் மேல் வைத்தேன். மல்லாந்தால் கருப்பையின் எடை முதுகெலும்பையொட்டிய பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். குளிருக்கு இதமாக நெருப்புச் சட்டி வைக்கட்டுமா என்று அத்தை கேட்டபோது நாங்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். மூடிய அறையில் கரிப் புகையின் நச்சுவாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும், எழுந்து ஓட முடியாதவளுக்கு அந்த அறையில் இடமே இல்லை.

பிரசவத்துக்கு எங்கே இருப்பது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம், என் அம்மா வீடோ காரமடையில். "மழ புடிச்சா ரோடு நிக்காது சாமி, இப்பவே கீழ வந்துரு" என்று அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் சொன்னார். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், சாலைகள் துண்டிக்கப்பட்டதையும் கண்ட எங்கள் மாமனாருக்கு அந்த வாதம் உடனே புரிந்தது. உதகையிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிரச்சினை மருத்துவமனை இல்லாதது அன்று, வலி கண்ட இரவில் நான்கு பேரைத் திரட்டி, மழையில் படியேறி, பிறகு வண்டிக்குக் காத்திருப்பதுதான். ஆகவே 37-ஆம் வாரம் முடிவதற்குள் கீழே இறங்கினேன். மேட்டுப்பாளையம் சாலையின் வளைவுகளில், முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, மடித்த கம்பளியின் மேல் காலை வைத்து, இருக்கைப் பட்டையின் கீழ்ப்பட்டியை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் போட்டுக்கொண்டேன். வழியில் நிறுத்தி நிறுத்தி நல்ல காலை நீட்டி மடக்கினேன். மாவட்டம் மாறுவதால், கர்ப்பப் பதிவு எண் உள்ள அட்டையைப் புதிய இடத்தின் செவிலியரிடம் காட்டிவைப்பது முக்கியம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அந்தப் பதிவை ஒட்டித்தான் தவணையாக வருகிறது.

கோவையில் பிரசவம் பார்க்கவிருந்த அரசு மருத்துவமனைக்கு வலி வருவதற்கு முன்பே ஒருமுறை போய், பிரசவத்தின்போது இந்தக் காலை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். கணுக்கால் முறிவு மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது என்று மகப்பேறு மருத்துவர் தெளிவாகச் சொன்னார். வழக்கம்போல் மல்லாந்து படுத்துக் கால்களைத் தாங்கியில் மாட்டினால் கட்டு அழுத்தும், முறிந்த இடம் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேலிருக்கும் வலக்காலை ஒருவர் தாங்கிப் பிடிக்கலாம் என்றார். எலும்பு மருத்துவரிடம் போய், முழங்காலை எவ்வளவு மடக்கலாம், எங்கே பிடிக்கலாம் என்று கேட்டோம். முழங்காலுக்கு அடியிலும் கட்டின் நடுப்பகுதியிலும் இரு கைகளால் ஏந்த வேண்டும், பாதத்தைப் பிடித்துத் திருகக் கூடாது என்றார். இவ்விரண்டையும், ஊசியின் பெயரையும் அளவையும், ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, இரு மருத்துவர்களிடமும் கையெழுத்து வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினோம்.

39-ஆம் வாரத்தில் நள்ளிரவில் வலி கண்டபோது அந்தத் தாள்தான் பேசியது. பணியில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்குப் புதியவர்கள். ஒரு செவிலியர் பழக்கத்தில் கால் தாங்கியை இழுத்தபோது, பிரசவத் துணையாக உள்ளே வந்திருந்த அம்மா ஒன்றும் பேசாமல் நோட்டை நீட்டினார். செவிலியர் அதைப் படித்துவிட்டு, கட்டுப்போட்ட காலை மடியில் வைத்துக்கொள்வது போலத் தன் முன்கையில் ஏந்தி, ஒவ்வொரு வலிக்கும் தூக்கி, வலி அடங்கும்போது தலையணையில் இறக்கினார். கை சோர்ந்ததும் இன்னொருவர் மாறிக்கொண்டார். மகள் பிறந்தாள். நான் மயக்க ஊசி கேட்கவில்லை. கேட்பவர்கள், ஊசிக்குப் பின் கால் மரத்துவிடும், கட்டு எங்கேயாவது அழுத்தினாலும் நமக்குத் தெரியாது என்பதால் விரல்களை அடிக்கடி பார்க்கும்படி உடனிருப்பவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

பிரசவத்தோடு ரத்தம் உறையும் ஆபத்து முடிவதில்லை. முதல் சில வாரங்களில்தான் அது உச்சத்தில் இருக்கிறது. எனக்கு ஊசியை ஆறு வாரம் நீட்டித்தார்கள், தாய்ப்பால் கொடுக்க அது தடையாக இருக்கவில்லை. இங்கே பத்தியத்தோடு ஒரு மோதல் வந்தது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு சுருங்காது என்று பாட்டி அளந்து அளந்து கொடுத்தார். உடலில் நீர் குறைந்தால் ரத்தம் உறையும் வாய்ப்புக் கூடும், பால் ஊட்டும் தாய்க்குத் தாகமும் அதிகம். பாட்டியின் மனமும் நோகாமல், சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஒரு பெரிய பிளாஸ்க்கில் என் பக்கத்திலேயே வைத்துவிட்டார் அம்மா.

வாக்கரைப் பிடிக்கும் கைகளில் குழந்தையைப் பிடிக்க முடியாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும், ஆனால் குழந்தை வீறிட்டு அழும்போது வாக்கரை விட்டுவிட்டு எட்டத் தோன்றுவதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தூளியைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் கட்டச் செய்தேன். படுத்தபடி பால் கொடுக்கும்போது தூங்கிவிட்டால் குழந்தையை எடுத்துக் கிடத்த இன்னொருவர் அறையில் இருந்தார். துணி மாற்றுவதற்கு வேண்டியவை எல்லாம் கட்டிலின் இடப்பக்கம் ஒரு கூடையில் இருந்தன.

கட்டுப் பிரித்தபோது கணுக்கால் மரக்கட்டைபோல் இறுகியிருந்தது, கெண்டைச்சதை பாதியாக வற்றியிருந்தது. இயன்முறை மருத்துவர் முதலில் கற்பித்தது, பாதத்தால் காற்றில் எழுத்துகளை எழுதுவது. நான் உயிரெழுத்துகளில் தொடங்கி, மகள் பால் குடிக்கும் நேரமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லும் அளவில் குழந்தையின் எடையும் சேரும், ஆகவே தனியாகத் தடுமாற்றமின்றி நடந்து, ஒற்றைக் காலில் சற்று நிற்க முடிந்தபின்தான் குழந்தையோடு நடக்க வேண்டும் என்றார். கோத்தகிரிக்குத் திரும்புவதற்கு முன் என் கணவர் படியோரமாக இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டு, பாசியைச் சுண்ணாம்பும் தென்னந்துடைப்பமும் கொண்டு தேய்த்து, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சொரசொரப்பான சிமெண்டுப் பட்டை பூசிவைத்திருந்தார். மழைக்காலத்தில் பாசி மறுபடியும் வரும் என்பதால், புரட்டாசி பிறந்ததும் தேய்ப்பது இப்போது வீட்டு வேலைகளில் ஒன்று.